கண்மை மாதிரி ஒரு கரி

விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து, அதில் படியும் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பாட்டி மை செய்வாள். போன வருஷம் மந்தைவெளியில், எங்கள் அடுக்குமாடியின் கீழே நின்ற 2012 மாடல் டீசல் காரில், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி விரலை விட்டேன். அதே மைதான் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு விரல் போக வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல்தான் நுழைந்தது.

வெளியேறும் புகையில் ஒரு பங்கை ஈஜிஆர் வால்வு மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. எரியும் சூடு தணிந்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவதற்காக இந்த ஏற்பாடு. கிராங்க்கேஸின் எண்ணெய் ஆவியும் அதே வழியில் வந்து சேர்கிறது. கரியும் எண்ணெயும் சேர்ந்தால் மைதானே! எங்கள் வண்டி ஓடுவதோ வீடு, லஸ், பனகல் பார்க், மறுபடி வீடு. மெட்ரோ தடுப்புகளுக்கிடையே ஊர்ந்து ஊர்ந்தே வருஷங்கள் போயின. வண்டி இழுக்கவில்லை, கருப்பாகப் புகைத்தது.

"பிளேட் போட்டு ஈஜிஆரை அடைச்சிடலாம் சார், அப்புறம் கரியே வராது" என்றார் மெக்கானிக். வேண்டாம் என்றேன். என் பெண் பள்ளிக்கு நடந்து போகிற தெருவின் காற்றுக்காக இருக்கிற வால்வு அது.

எஞ்சின் ஓடும்போதே கிளீனரை உள்ளே பீய்ச்சுகிற வழியையும் நான் தொடவில்லை. டீசல் எஞ்சினுக்கு அந்தத் திரவமும் எரிபொருள்தான், கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கலாம். பெயர்ந்த கரிக்கட்டி சிலிண்டருக்குள் போனாலும் ஆபத்து.

எஞ்சின் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். ஒவ்வொரு ஹோஸையும் எடுக்குமுன் ஃபோனில் படம் பிடித்தேன். மாலையில் அந்தப் படங்கள்தான் கை கொடுத்தன. மேனிஃபோல்டு கழன்று வந்ததும், திறந்து கிடக்கும் சிலிண்டர் ஹெட் துவாரங்களில் சுத்தமான துணியை அடைத்தேன். எத்தனை துணி என்று எண்ணி எழுதியும் வைத்தேன். ஒன்று உள்ளே தங்கிப்போனால் எஞ்சினே போய்விடும்.

கரியை முதலில் மரக்குச்சியால் வழித்தெடுக்க வேண்டும். பிறகு டீசலில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் மீதி இளகும். காஸ்டிக் சோடா பக்கம் போகவே கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். பெட்ரோலும் கூடாது, தீப்பிடிக்கும். ஈஜிஆர் வால்வின் மோட்டார் பக்கம் நனையாமல், வாயை மட்டும் துடைத்தேன். கையுறை போடாத இடது கையில் கருப்பு நான்கு நாள் இருந்தது.

நான் செய்த தப்பு, பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டது. ஸ்டார்ட் செய்ததும் உஸ்ஸென்று காற்றுக் கசிந்தது. ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கி வந்து, மறுநாள் முழுதும் கழற்றி மாட்டினேன். இம்முறை நடு போல்ட்டிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினேன்.

அழுக்கு டீசலைக் கழிவுநீர்க் குழியில் கொட்ட மனம் வரவில்லை. பக்கிங்காம் கால்வாய் கூப்பிடு தூரத்தில்தான். கேனில் ஊற்றிப் பட்டறையின் பழைய எண்ணெய் டிரம்மில் சேர்த்தேன்.

கரி மறுபடி சேராமலிருக்க, இப்போது மாதம் இரண்டு ஞாயிறு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஒரே வேகத்தில் போய் வருகிறோம். எட்டு மாதம் கழித்து ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். மெல்லிய சாம்பல் நிறப் பொடி, ஊதினால் பறந்தது.