வெட்டிய ஓரத்தை எறியாதீர்கள்

கோயில் கொடை, நீர்ப்பறவைகள், ஊர்ச் சந்தை என்று படமெடுத்து இணையத்தில் போடுகிறவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் படங்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் ஏராளம். பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸ், யூடியூப் முகப்புப் படம், மளிகைக்கடை காலண்டர், ராசிபலன் பக்கம் என்று எல்லாவற்றிலும் பார்த்துவிட்டேன். ஒரு பத்திரிகையில் 'நன்றி: இணையம்' என்று போட்டு அச்சாகியும் பார்த்தேன். இணையம் என்ற பெயரில் எனக்குத் தெரிந்து கேமராக்காரர் யாரும் இல்லை. இவர்களையெல்லாம் திருடர்கள் என்று ஒரேயடியாகச் சொல்லவும் மனம் வரவில்லை. தேடினால் வருகிற படமெல்லாம் ஊர்ப் பொது என்றுதான் பலர் உண்மையிலேயே நினைக்கிறார்கள்.

திரையில் தெரிகிற படத்தைப் பூட்டிவைக்க வழியே கிடையாது. வலது சொடுக்கை முடக்குவது, படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கைப் போர்த்துவது என்று இணையதளம் அமைத்துத் தருகிறவர்கள் சில வித்தைகளை விற்பார்கள். போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அத்தனையும் போயிற்று. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஓரளவு பலன் தருவது அளவைக் குறைப்பதுதான். நீளப் பக்கம் 1200 பிக்சலுக்கு மேல் நான் எதையும் வெளியே விடுவதில்லை. நல்ல அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ கணக்கில் அது நான்கு அங்குலம்தான் வரும். காலண்டர், புத்தக அட்டை அடிப்பவர்களுக்கு அது பத்தாது. பெரிய ஃபைல் வேண்டுமென்றால் என்னிடம் வந்தாக வேண்டும். ஃப்ளெக்ஸ்காரர்களை மட்டும் இது தடுக்காது. ரோட்டோரம் தூரத்தில் நின்று பார்க்கிற பேனரில் பிக்சல் உடைந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தருகிற ஏஐ செயலிகளும் இப்போது வந்துவிட்டன.

வாட்டர்மார்க் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. மூலையில் பெயர் போட்டால் க்ராப் செய்துவிடுகிறார்கள். நடுவில் பெரிதாகப் போட்டால் படமே கெட்டுவிடும். 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல படங்களில் ஒரே மாதிரி வாட்டர்மார்க் இருந்தால், அவற்றை ஒப்பிட்டு அந்தக் குறியை மட்டும் பிரித்தெடுத்துக் கணினியே தானாக அழித்துவிடும் என்று அதில் செய்து காட்டினார்கள். இடத்தை மாற்றி மாற்றிப் போட்டும் பெரிய பயனில்லையாம்; ஒவ்வொரு படத்திலும் குறியின் வடிவத்தையே லேசாக நெளித்துப் போட்டால்தான் அழித்த தடம் தெரியுமாம். இன்றைக்குப் போனிலேயே விரலால் தேய்த்து அழிக்க முடிகிறது. அதனால் திருட நினைப்பவனுக்காக நான் வாட்டர்மார்க் போடுவதில்லை. கேட்டு வாங்க நினைக்கிற நல்ல மனிதர் என்னைக் கண்டுபிடிப்பதற்காகப் போடுகிறேன். மூலையில் போடாமல் கிளையை ஒட்டியோ தேர்ச்சக்கரத்தின் விளிம்பிலோ சின்னதாகப் போடுவேன். வெட்டினால் படமும் சேர்ந்து வெட்டுப்படும்.

ஃபைலுக்குள்ளேயே பெயர், காப்புரிமை வரி, மின்னஞ்சல் முகவரி பதியும் வசதி பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கிறது. ஒருமுறை அமைத்துவிட்டால் அப்புறம் தானாகப் பதிந்துகொள்ளும். சமூக ஊடகங்கள் இதில் பெரும்பகுதியை உரித்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும். அப்படி இருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. படமெடுத்த இடத்தைக் காட்டும் குறியும் வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் மரங்களில் கூடு கட்டுவது எல்லாருக்கும் தெரியும், ஊரே அவற்றைக் காக்கிறது. யாருக்கும் தெரியாத பாறை இடுக்கில் இருக்கும் ஆந்தைக் கூட்டுக்கு அந்தக் காவல் இல்லை. கேமராவிலும் போனிலும் ஜிபிஎஸ்ஸை அணைத்துவையுங்கள். வீட்டில் எடுத்த குழந்தைகள் படத்துக்கும் இது பொருந்தும்.

இத்தனை சொன்னாலும் என் நம்பிக்கை இவற்றின்மேல் இல்லை. படம் போகும், போகட்டும். போன பிறகு 'இது என்னுடையது' என்று ஐந்து நிமிடத்தில் காட்ட முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. அதற்கு நான் செய்வது மிகச் சாதாரண காரியம். எந்தப் படத்தையும் முழுதாக வெளியிடுவதில்லை; நான்கு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் போடுகிறேன். தேருக்கு இடதுபுறம் பாதி தெரிகிற சர்பத் கடை, மேலே தொங்குகிற மின்கம்பி, இவை என் மூலப் படமான ரா ஃபைலில் மட்டும் இருக்கும். படம் தன்னுடையது என்று சொல்கிறவரிடம் 'அந்த வடத்தைப் பிடித்திருக்கிறவருக்கு அடுத்து யார் நிற்கிறார்?' என்று கேட்டால் போதும், பேச்சு நின்றுவிடும். அதே நொடியில் முன்னும் பின்னும் அடித்த ஃபிரேம்களையும் அழிக்கமாட்டேன். பறவை இறக்கையை விரிப்பதற்கு முந்திய படம், விரித்ததற்குப் பிந்திய படம் இரண்டும் என்னிடம் இருக்கும்போது நடுவில் இருக்கிற ஒன்று வேறொருவருடையதாக எப்படி இருக்க முடியும்? ஹார்ட் டிஸ்க் நிறைகிறதே என்று 'சுமாரான' படங்களை அழிக்கிற நண்பர்களிடம் சண்டையே போடுவேன்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி பதிவு எதுவும் செய்யாமலே, படமெடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அது எடுத்தவர் காலம் முடிந்தும் 60 ஆண்டு நீடிக்கிறது. இணையத்தில் போட்டதால் உரிமை போய்விடும் என்பதும் கட்டுக்கதை. ஹெய்ட்டியில் 2010 ஜனவரியில் பூகம்பம் நடந்தபோது டேனியல் மொரேல் என்ற புகைப்படக்காரர் தன் படங்களை ட்விட்டர் வழியாக வெளியிட்டார். வேறொருவர் அவற்றைத் தன் படமாகப் போட்டுக்கொள்ள, ஏஎஃப்பி செய்தி நிறுவனம் எடுத்து விநியோகித்துவிட்டது. ட்விட்டர் விதிகளே தங்களுக்கு அனுமதி தருவதாக ஏஎஃப்பி வாதாடிப் பார்த்தது. நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 நவம்பரில் ஏஎஃப்பியும் அந்தப் படங்களை விற்ற கெட்டி இமேஜஸ் நிறுவனமும் அவருக்கு 12 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது.

அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. நன்றாக ஓடிய சில படங்களை மட்டும் அவ்வப்போது கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் போட்டுத் தேடுவேன். எங்காவது சிக்கினால் முதலில் கோபத்தை அடக்கிக்கொண்டு சாட்சியைச் சேர்ப்பேன். இணைப்பு முகவரி, தேதி தெரிகிற ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் எடுத்து, வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமிக்க முடிந்தால் சேமித்தும் வைத்துவிட வேண்டும். முதலில் திட்டிவிட்டால் அவர்கள் அழித்துவிடுவார்கள், நம் கையில் ஒன்றும் இருக்காது.

அதன் பிறகு பேச்சு. டிசைனிங் சென்டர் வைத்திருக்கும் ஒரு தம்பிக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நெட்ல கெடந்துச்சுன்னு எடுத்துட்டோம்ணே."

"நெட்ல தானா மொளைச்சுதா தம்பி? வெயில்ல நின்னு எடுத்தது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்ன குடுக்கணும்னு சொல்லுங்கண்ணே" என்றார். சொன்னேன், கொடுத்தார். இப்போது கோயில் படம் வேண்டுமென்றால் அவரே கேட்கிறார். எடுத்த எடுப்பில் வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

பேச்சுக்கு மசியாதவர்களுக்குத்தான் புகார்ப் படிவம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் காப்புரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் உண்டு. 'ரிப்போர்ட்' பொத்தானை அழுத்துவதைவிட அதற்கு வலு அதிகம். நம் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகக்கூடும் என்பதால், பெண்கள் முக்கியமாக, இதற்கென ஒரு தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது. 2013 காப்புரிமை விதிகளின்படி முறையான எழுத்துப் புகார் கிடைத்தால், படத்தைத் தாங்கி நிற்கிற தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். அந்த முடக்கம் 21 நாளைக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் படம் மறுபடி ஏறலாம்.

எல்லாவற்றையும் துரத்துவதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துச் சாமி கும்பிடுகிறவரை விட்டுவிடுகிறேன். விடவே விடாத ஒரு வகை உண்டு, மனித முகங்கள். சந்தையில் கீரைக்கட்டு விற்கும் ஒரு பாட்டியைப் படமெடுத்துப் போட்டிருந்தேன். 'பிள்ளைகள் கைவிட்ட தாய், உதவுங்கள்' என்று அதே படம் ஒரு பண வசூல் பதிவில் வந்தது. பாட்டியின் பிள்ளைகள் அவரைக் கைவிடவில்லை. பேத்திதான் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தாள். காப்புரிமைப் புகாரோடு சைபர் குற்றப் புகாரும் கொடுத்தோம். பதிவு இறங்கியது. இப்படிப்பட்ட வசூலில் பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். அந்தப் பாட்டி விஷயத்துக்குப் பிறகு, அடையாளம் தெரியும்படியான முதியவர், குழந்தை முகங்களை நான் பொதுவில் வைப்பதில்லை. அச்செடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

கல்யாண ஸ்டூடியோ நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி முதல் உரிமையாளர் அந்த வாடிக்கையாளர்தான். உங்கள் கல்யாணப் படத்தை இன்னொரு ஸ்டூடியோ தன் விளம்பரத்தில் போட்டால் புகார் கொடுக்கிற உரிமையே உங்களிடம் இல்லாமல் போகலாம். வாடிக்கையாளரைக் கேட்காமல் அதை நீங்கள் உங்கள் பக்கத்தில் போடுவதும் தவறுதான். உரிமை யாருக்கு, எந்தெந்தப் படத்தைப் போடலாம் என்று அட்வான்ஸ் வாங்கும்போதே இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.