மேனேஜர் வேற, புக்கிங் ஏஜென்ட் வேற: பாடகரோட பணம் எங்கே போகுது?

அமெரிக்காவுல ஒரு பாடகருக்கு ஒரு மேடை நிகழ்ச்சிக்கு 10,000 டாலர் பேசியிருக்காங்கன்னு வச்சுக்கோங்க. அதுல வீட்டுக்கு எவ்வளவு கொண்டு போவார்? அது தெரியணும்னா, நடுவுல இருக்கிற ரெண்டு பேரை முதல்ல பார்க்கணும்.

புக்கிங் ஏஜென்ட்டோட வேலை நிகழ்ச்சி பிடிச்சுக் கொடுக்கிறது. நிகழ்ச்சி நடத்துறவர்கிட்ட தேதியும் சம்பளமும் பேசி, அட்வான்ஸ் வாங்கி வைப்பார். கமிஷன் வழக்கமா 10%, அதுவும் அவர் பிடிச்ச நிகழ்ச்சிக்கு மட்டும்.

மேனேஜர் அப்படியில்ல. எந்த கம்பெனியோட ஒப்பந்தம் போடலாம், ஆல்பம் எப்போ வரணும், எந்த ஏஜென்ட்டை வைக்கலாம்னு தொழில் முழுக்க அவர் கூடவே இருப்பார். அதனால கமிஷனும் 15 முதல் 20% வரை. நிகழ்ச்சி, ராயல்டி, டி-ஷர்ட் விற்பனைன்னு பெரும்பாலும் எல்லா வருமானத்துலயும் பங்கு உண்டு.

கலிபோர்னியாவுல வேலை பிடிச்சுக் கொடுக்கிறவர் லேபர் கமிஷனர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். லைசென்ஸ் இல்லாத மேனேஜர் நிகழ்ச்சி பிடிச்சுக் கொடுத்தா, அந்தக் கமிஷனையே இழக்க வேண்டி வரலாம்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஏஜென்ட்டுக்கு 1,000. மேனேஜருக்கு 15%னா 1,500. வாத்தியக்காரங்க, வேன், ஹோட்டல் எல்லாம் சேர்த்து 5,500னு வைங்க. பாடகர் கையில மிச்சம் 2,000 டாலர். ராத்திரி முழுக்கப் பாடினவருக்கு 2,000, மேனேஜருக்கு 1,500!

அதே 15%, செலவு போக மிஞ்சுற 3,500-க்கு மட்டும்னு எழுதியிருந்தா? மேனேஜருக்கு 525, பாடகருக்கு 2,975. சதவீதம் மாறவே இல்ல பாருங்க. எதுக்கு மேல சதவீதம்ங்கிற ஒரு வரிதான் மாறுச்சு. எல்லாரும் 15-ஐ 12 ஆக்கத்தான் பேரம் பேசுவாங்க, இந்த வரியை விட்டுடுவாங்க.

ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் பழைய பாட்டு வருமானத்துல மேனேஜருக்குப் பங்கு தொடருமா, வருஷாவருஷம் குறையுமாங்கிறதும் எழுத்துல இருக்கணும்.

எல்விஸ் பிரெஸ்லி கதையைக் கேளுங்க. அவர் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் 50% வாங்கினார். 1973-ல் பழைய பாட்டுகளோட ராயல்டி உரிமை ஆர்சிஏ கம்பெனிக்கு சுமார் 54 லட்சம் டாலருக்குப் போச்சு. அதுலயும் பாதி பார்க்கருக்கு. எல்விஸ் இறந்த பிறகு, அவர் மகளுக்காக நீதிமன்றம் நியமிச்ச வழக்கறிஞர்தான் இதைத் தோண்டி எடுத்து, அநியாயம்னு அறிக்கை கொடுத்தார்.

கமிஷனாவது ஒப்பந்தத்துல தெரியும். வங்கிக் கணக்கையே மேனேஜர் கையில விட்டா? கனடா பாடகர் லெனார்ட் கோஹனுக்கு அதுதான் நடந்தது. ஓய்வுக்காலத்துக்கு வச்சிருந்த பணத்துல சுமார் 50 லட்சம் டாலர் போயிடுச்சு. முன்னாள் மேனேஜர் சுமார் 90 லட்சம் டாலர் கொடுக்கணும்னு 2006-ல் தீர்ப்பு வந்தும் பணம் கைக்கு வரல. 2008-ல், 73 வயசுல, மறுபடியும் ஊர் ஊரா மேடை ஏறினார். அந்தப் பயணங்கள்லதான் விட்டதைத் திரும்பச் சம்பாதிச்சார்.

அதனாலதான் அங்கே பெரிய பாடகர்கள் பிசினஸ் மேனேஜர்னு கணக்குக்குத் தனியா ஒருத்தரை வைக்கிறாங்க. அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம், அவரை யார் தணிக்கை செய்றதுன்னு அடுத்த வீடியோவுல பேசுவோம்.