இணையப் படிவம் உங்களை நினைவில் வைப்பது எவ்வாறு?

மோர்னிங்சைட் நூலகக் கிளையின் பொதுக் கணினியில் நான்கு பக்க விண்ணப்பமொன்றை நிரப்புகிறீர்கள். மூன்றாம் பக்கத்திலும் உங்கள் பெயர் மேலே தெரிகிறது. இணையத்தின் எச்.ரி.ரி.பி. நெறிமுறைக்கோ நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையையும் அறிமுகமற்றவரிடமிருந்து வந்ததாகவே அது கொள்ளும்.

இக்குறையை நீக்கவே, 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்ருல்லி குக்கியை உருவாக்கினார். ஜாவாவில் அமைந்த தளத்தில், வழங்கி உங்களுக்கென 'அமர்வு' ஒன்றைத் திறந்து, அதன் அடையாள இலக்கத்தை மட்டும் குக்கியாக உலாவிக்கு அனுப்பும். விபரங்கள் வழங்கியிலேயே இருக்கும். நல்லூர்த் திருவிழாவில் செருப்பை ஒப்படைத்து இலக்கத் துண்டு பெறுவதைப் போன்றது இது.

அமர்வுக்குக் கால எல்லையுண்டு. அப்பாச்சி ரொம்கற் என்னும் ஜாவா வழங்கியில், மாற்றியமைக்காவிடின் அது 30 நிமிடங்கள். நீங்கள் இடைவிடாது தட்டச்சுச் செய்தாலும், பக்கத்தை அனுப்பும்வரை அது கோரிக்கையாகாது. வழங்கிக்கு நீங்கள் எழுந்து சென்றவரே. நிரப்பியவை மறைவது பெரும்பாலும் இதனாலேயே. 'சேமி' பொத்தான் இருப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் அதை அழுத்துங்கள். ஜாவா பயில்வோர், நீண்ட படிவத்தின் விடைகளை அமர்வில் மட்டும் வைக்காது தரவுத்தளத்திலும் எழுதுதல் வேண்டும்.

சாளரத்தை மூடுவதால் வழங்கியிலுள்ள அமர்வு அழியாது. குக்கி கணினியில் எஞ்சியிருந்தால், அடுத்து அமர்பவர் உங்கள் பெயரிலேயே தொடரக்கூடும். எழுமுன் 'வெளியேறு' என்பதை அழுத்துங்கள். அப்போதே வழங்கி அவ்விலக்கத்தைச் செல்லாததாக்கும்.