ரெட்டியார்பாளையத்து ஸ்டாப்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. இத்தாலியக் கால்பந்தின் ஜாம்பவான்களைப் பற்றி எழுதும்போது பாவ்லோ மால்தினி, ராபர்ட்டோ பாஜியோ ஆகியோரோடு மார்க்கோ மாத்தராஸியின் பெயரையும் நான் சேர்த்தது உனக்குப் பொறுக்கவில்லை. ஜிடேனைச் சீண்டிவிட்டு உலகக் கோப்பை வாங்கியவரை எப்படி அந்த வரிசையில் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கும் உன் தாத்தா அந்தப் பெயரைக் கேட்டாலே டி.வி.யை அணைத்துவிடுவார் என்றும் எழுதியிருக்கிறாய். முதலில் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

தாத்தாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட்டில் சட்டப்படியான மாற்றமும் நடந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம். சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) வீடு என்றால் இன்றும் ஊரில் அடையாளம் தெரியும். அந்த வீடுகளில் பிரான்ஸ் அணி வெறும் வெளிநாட்டு அணி அல்ல. 2006 அணியை நினைத்துப் பார். ஜிடேன் அல்ஜீரியாவிலிருந்து மார்செய்க்குப் பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளை. துராம் குவாதலூப்பில் பிறந்தவர், வியேரா செனகலில், மக்கலேலே கின்ஷாசாவில், மலூடா பிரெஞ்சு கயானாவில். ஆந்திராவிலிருந்து மொரீஷியஸுக்குக் கப்பலேறிய தெலுங்குக் குடும்பத்தின் வழிவந்த விகாஷ் தொராசூவும் அந்த அணியில் இருந்தார். கடல் கடந்து பிரான்ஸைச் சுமந்தவர்களின் பிள்ளைகள் நிறைந்த அணி அது. உன் தாத்தா அதில் தன்னையும் பார்த்திருப்பார். அப்படிப்பட்ட அணியின் தலைவன், தன் கடைசி ஆட்டத்தில், சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

2006 ஜூலை 9, பெர்லின். நம் ஊரில் இரவு பதினொன்றரைக்குத் தொடங்கிய இறுதிப் போட்டி. கூடுதல் நேரத்தில், 110-வது நிமிடத்தில், ஜிடேன் திரும்பி வந்து மாத்தராஸியின் மார்பில் தலையால் முட்டினார். அதற்கு முன் நடந்ததை மாத்தராஸியே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் ஜிடேனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்; சட்டை வேண்டுமானால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன் என்றார் ஜிடேன்; பதிலுக்கு மாத்தராஸி அவருடைய சகோதரியை இழுத்துப் பேசினார். தாயைத் திட்டினார் என்றுதான் உலகம் முதலில் பேசியது. அதை அவர் உறுதியாக மறுத்தார். பதின்ம வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர் அவர். அந்த மறுப்பை நான் நம்புகிறேன். உதட்டசைவைப் படித்ததாகச் சொல்லி இனவெறிப் பேச்சைத் தன் தலையில் கட்டிய பிரிட்டிஷ் நாளிதழ்கள் மீது அவர் வழக்குப் போட்டு இழப்பீடும் வாங்கினார். ஃபிஃபா இருவரையும் தண்டித்தது. ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடை, 7,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். மாத்தராஸிக்கு இரண்டு ஆட்டத் தடை, 5,000 ஃபிராங்க்.

ஒருவரின் சகோதரியைச் சொல்லித் திட்டுவது கீழ்த்தரமான செயல். பெர்லினிலும் அப்படித்தான், நம் தெரு மைதானத்திலும் அப்படித்தான். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. என் வழக்கு வேறு. அந்த ஆட்டம் 120 நிமிடம் நடந்தது. நீயும் உலகமும் அதில் ஒரு நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

7-வது நிமிடத்தில் மலூடாவைத் தடுக்கப் போய் பெனால்டி கொடுத்தவர் மாத்தராஸி. ஜிடேன் பந்தை மெல்லத் தூக்கிப்போட, அது குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்குள் விழுந்தது. உலகக் கோப்பை இறுதியில் ஆரம்பத்திலேயே தன்னால் கோல் விழுந்தால் ஒரு ஸ்டாப்பரின் கால் நடுங்கும். அது உனக்கே தெரியும். பன்னிரண்டு நிமிடம் கழித்து பிர்லோ கார்னர் அடித்தபோது, வியேராவுக்கு மேலே எழும்பித் தலையால் அடித்துச் சமன் செய்தவரும் மாத்தராஸிதான். அரங்கமே தன்னை நோக்கி ஊளையிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பெனால்டி ஷூட் அவுட்டில் இரண்டாவதாக வந்து கோல் போட்டதும் அவர்தான். அடுத்து வந்த பிரான்ஸின் த்ரெஸகே அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இத்தாலி 5-3 என்று வென்றது.

பிழை செய்துவிட்டு ஒளிந்துகொள்ளாமல், அடுத்த பந்துக்கு முன்னால் போய் நிற்பவர். நான் அவரை ஜாம்பவான் என்று சொல்வது இதனால்தான். இது ஒரே ஒரு ராத்திரியில் வந்த குணமும் அல்ல. அவர் வாழ்க்கை முழுக்க அப்படித்தான்.

1973-இல் தெற்கு இத்தாலியின் லெச்சேயில் பிறந்தார். அப்பா ஜுசெப்பே மாத்தராஸி ஆட்டக்காரர், பிறகு லாசியோ உள்ளிட்ட அணிகளின் பயிற்சியாளர். ஆனால் அப்பாவின் பெயர் பிள்ளைக்குப் பெரிய கதவு எதையும் திறந்துவிடவில்லை. மால்தினி பதினாறு வயதில் மிலான் அணிக்கு ஆடியவர். அந்த வயதைத் தாண்டி வெகுகாலம் மாத்தராஸி சிசிலியின் மார்சாலா, த்ரபானி போன்ற கீழ்மட்ட அணிகளில் கிடந்தார். பெரூஜாவுக்கு வந்தார், கார்ப்பிக்குக் கடனாகப் போனார், இங்கிலாந்தில் எவர்டனுக்கு ஒரு பருவம் ஆடிச் சிவப்பு அட்டைகளோடு திரும்பினார். மறுபடி பெரூஜா. 2000-01 பருவத்தில் தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டு 12 கோல் போட்டார். பெனால்டிகளும் அதில் உண்டு. ஆனாலும் இத்தாலிய முதல் பிரிவில் எந்தத் தடுப்பாட்டக்காரரும் அதுவரை ஒரே பருவத்தில் அத்தனை போட்டதில்லை. அர்ஜென்டினாவின் பாஸரெல்லா வைத்திருந்த சாதனையை அவர் முறியடித்தார். தேசிய அணியின் சட்டை கிடைக்கும்போது வயது இருபத்தேழு.

அந்தச் சட்டையும் அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்டா காயப்பட்டால்தான் களத்துக்கு வரும். நெஸ்டா அந்தத் தலைமுறையின் மிக அழகான தடுப்பாட்டக்காரர். 2002 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக அவர் காயத்தோடு வெளியேற, மாத்தராஸி இறங்கினார். இத்தாலி 2-1 என்று தோற்றது, பழி இவர் மேலும் விழுந்தது. கடைசி நேரத்தில் இவர் நெடுந்தூரத்திலிருந்து தூக்கிப்போட்ட பந்து நேராக கோலுக்குள் போனது. சட்டையை இழுத்த குற்றத்துக்காக நடுவர் அதை மறுத்துவிட்டார். நான்கு வருடம் கழித்து, ஜெர்மனியில், செக் குடியரசுக்கு எதிராக மறுபடி நெஸ்டாவுக்குக் காயம். மறுபடி மாத்தராஸி. இறங்கிச் சிறிது நேரத்தில், 26-வது நிமிடத்தில், தொத்தியின் கார்னரில் தலையால் கோல். அடுத்து ஆஸ்திரேலியாவுடன் சிவப்பு அட்டை, அதனால் உக்ரைன் ஆட்டத்தில் தடை. அரையிறுதியில் கன்னவாரோவுடன் சேர்ந்து, சொந்த மண்ணில் ஆடிய ஜெர்மனியை 120 நிமிடம் ஒரு கோல் போட விடவில்லை. அந்தக் கோப்பையில் இத்தாலி வாங்கியது மொத்தம் இரண்டே கோல். ஒன்று சொந்த அணியின் கால் பட்டுப் போனது, மற்றொன்று ஜிடேனின் பெனால்டி. நாட்டுக்காக ஆடிய 41 ஆட்டங்களில் மாத்தராஸி போட்டதும் இரண்டு கோல்தான். இரண்டும் அந்த ஒரு மாதத்தில்.

கிளப் வாழ்க்கையில் இன்டர் மிலானுக்குப் பத்து ஆண்டுகள், ஐந்து லீக் பட்டங்கள். 2004-இல் சியெனா ஆட்டக்காரர் ஒருவரை ஆட்டம் முடிந்தபின் அடித்து இரண்டு மாதத் தடை வாங்கினார். அதையும் மறைக்க மாட்டேன். 2007-இல் அதே சியெனாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டுப் பட்டத்தை உறுதி செய்தார். அடுத்த வருடம், மறுபடி சியெனா, ஜெயித்தால் பட்டம் என்ற நிலையில் பெனால்டியைக் கோட்டைவிட்டார். 2010-இல் சாம்பியன்ஸ் லீக் இறுதியின் கடைசி நிமிடத்தில் களமிறங்கிக் கோப்பையைத் தொட்டார். இன்னொரு படம் உண்டு, கட்டாயம் பார். 2005 ஏப்ரல், மிலான் நகரின் இரு அணிகள் மோதும் ஆட்டம். ரசிகர்கள் எறிந்த தீப்பந்தங்களால் ஆட்டம் நின்றுவிட, புகையைப் பார்த்தபடி எதிரணியின் ருய் கோஸ்தாவின் தோளில் முழங்கையை ஊன்றி நிற்கிறார் மாத்தராஸி. ஜிடேனைச் சீண்டிய மனிதரும் இவரும் ஒருவரேதான்.

இனி நம் கதைக்கு வருகிறேன், தம்பி. நீ அப்போது சின்னப் பையன். 2014-இல், ஆட்டத்தை விட்டு மூன்று வருடமாகியிருந்த மாத்தராஸி, இந்திய லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி.க்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். உங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேர பஸ் தூரத்தில், நேரு ஸ்டேடியத்தில், உலகக் கோப்பை இறுதியில் கோல் போட்ட மனிதர் இறங்கி ஆடினார். அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் அவர் யாரை வரவழைத்தார் தெரியுமா? நெஸ்டாவை. யாருடைய காயத்துக்காகக் காத்துக் கிடந்தாரோ, அந்த நெஸ்டா ஓய்விலிருந்து வந்து இவருடைய அணிக்கு ஆடினார். உன் தாத்தாவுக்கு ஒரு செய்தி: 2006 பிரான்ஸ் அணியில் இருந்த மிகாயேல் சில்வெஸ்த்ரும் அதே சென்னை அணிதான். பெர்லினில் எதிரெதிரே நின்ற முகாம்கள் சென்னையில் ஒரே உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தன. அதே ஆண்டு அதே லீக்கில் த்ரெஸகே புனேவுக்கு வந்தார், இத்தாலியின் தெல் பியரோ டெல்லிக்கு. மறு வருடம் மலூடாவும் டெல்லிக்கு வந்துவிட்டார்.

2014-இல் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தும் அரையிறுதியில் கேரளாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது சென்னை. 2015-இல் ஒரு கட்டத்தில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு வரிசையாக வென்று மேலே ஏறியது. அப்போதுதான் டிசம்பர் வெள்ளம். சென்னை நீரில் மூழ்கிக் கிடக்க, சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆட வேண்டி வந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவா, இறுதி. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. சொந்த ஊர்க் கூட்டம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரிடமே பட்டு ஒரு கோல். காயங்களுக்கான கூடுதல் நேரத்தில் கொலம்பியாவின் மெண்டோசா இன்னொன்று. 3-2. வீடு வாசல் இழந்து நின்ற மக்களுக்கு ஒரு கோப்பை எதையும் திருப்பித் தராது. ஆனால் அந்த மாதத்தில் சென்னையின் பெயர் ஒரு நல்ல செய்தியில் வந்தது அந்த இரவுதான். 2016 பருவம் சரியில்லை, அணி ஏழாமிடம். அடுத்த ஆண்டு அவர் விடைபெற்றுப் போனார்.

நீயும் ஸ்டாப்பர் பேக் என்பதால் ஒரு வேலை தருகிறேன். செக் குடியரசு ஆட்டத்தின் 26-வது நிமிடத்தையும் இறுதிப் போட்டியின் 19-வது நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். பந்தைப் பார்க்காதே, 23-ஆம் எண் சட்டையை மட்டும் பார். கார்னர் அடிப்பதற்கு முன் அவர் எங்கே நிற்கிறார், எப்போது ஓடத் தொடங்குகிறார், தன்னைக் காப்பவரை எந்தப் பக்கம் விட்டுவிட்டு எழும்புகிறார் என்று கவனி. 1.93 மீட்டர் உயரம் மட்டும் அந்தக் கோல்களைப் போடவில்லை. பிறகு அரையிறுதியை முழுசாகப் பார். தாத்தாவும் கூட உட்காரலாம், அதில் எதிரணி ஜெர்மனிதான். பார்த்து முடித்ததும் உனக்குப் பட்டதை எழுது. அப்போதும் அவர் அந்த வரிசைக்குத் தகுதியில்லை என்று தோன்றினால், காரணத்தோடு எழுது. பதில் போடுகிறேன்.

அன்புடன்,
கட்டுரையாளர்