கட்டையில் முளைக்கும் குக்கூர் காளான்: திருப்பி அடியைப் பாருங்கள்



இரண்டு நாள் விடாமல் மழை பெய்து மூன்றாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தால் போதும். வேலைக்காட்டிலிருந்து வீடு திரும்புகிறவர்களின் தலைத்துண்டில் காளான் முடிச்சும் சேர்ந்து வரும். காசில்லாமல் கிடைக்கும் கறி அல்லவா! இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் காளான், எங்கே பறித்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விதான் இந்த இதழில் நம் பாடம்.

நான் தோட்ட மருந்தகத்தில் டிரெசராக இருந்த காலத்தில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரே வீட்டிலிருந்து ஐந்து பேர், வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்து சேர்ந்தார்கள். பந்துத் திடலில் குடை குடையாக நின்ற வெள்ளைக் காளானைப் பறித்துக் குழம்பு வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது. வீட்டுப் பாட்டியோ, "நான் வெள்ளிக்காசு போட்டுத்தானே வேக வச்சேன், டிரெசர் ஐயா! காசு கறுக்கவே இல்லையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உடம்பில் நீர் ஏற்றி, ஐவரும் பிழைத்தார்கள். திரும்பி வந்ததும் மருமகள் என்னிடம் கேட்டார்: "அப்படின்னா நாங்க காளானே சாப்பிடக் கூடாதா, ஐயா?"

சாப்பிடலாம். ஆனால் நூறு வகைக் காளானை அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பதைவிட, ஒரே ஒரு வகையைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டு மற்றதை விட்டுவிடுவது நல்லது. அந்த ஒன்று, நம் ரப்பர் தோட்டத்திலேயே கிடைப்பது. மலாய்க்காரர்கள் அதைச் செண்டாவான் குக்கூர் என்கிறார்கள். குலாட் சிசிர் என்றும் சொல்வதுண்டு. குக்கூர் என்பது தேங்காய் துருவுவதைக் குறிக்கும் சொல், சிசிர் என்றால் சீப்பு. அடிப்பக்கத்தைப் பார்த்தால் இந்தப் பெயர்கள் ஏன் வந்தன என்று தானே விளங்கும். விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் ஷிசோஃபில்லம் கம்யூன். முதல் சொல்லுக்குப் பொருள் 'பிளந்த இலை'. இந்தப் பிளவுதான் நமக்கு முக்கியமான அடையாளம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். குக்கூர் காளான் செத்த மரத்தில் வளர்வது. மண்ணில் முளைத்திருந்தால் அது குக்கூர் அல்ல, அதோடு பேச்சு முடிந்தது. ரப்பர் மரத்தை 25, 30 ஆண்டுகளில் வீழ்த்தி மறுநடவு செய்கிறார்கள் அல்லவா, அப்படி வீழ்த்திய மரத்தில் சில மாதங்களில் முதலில் குடியேறுகிறவற்றில் இதுவும் ஒன்று. மற்றக் காளான்கள் நிழலையும் ஈரத்தையும் தேடும். இதுவோ வெட்டவெளியில், வெயில் படும் கட்டையிலும் தாக்குப்பிடிக்கும். இப்போது ரப்பர் கட்டையெல்லாம் மேசை நாற்காலி செய்யப் போய்விடுகிறது. ஆனாலும் கிளைகளும் அடிக்கட்டைகளும் கிடக்கத்தானே செய்கின்றன, காளானுக்கு அது போதும். கம்பத்துப் பக்கம் காய்ந்த மாமரக் கிளையிலும் பழைய வேலிக் கம்பத்திலும் பார்க்கலாம்.

அடுத்து மேல்பக்கம். விசிறி போல, அல்லது சின்னச் சிப்பி போல இருக்கும். அகலம் 1 முதல் 4 சென்டிமீட்டர்தான், பெரியவர் கட்டைவிரல் நகத்திலிருந்து ஐம்பது காசு நாணயத்தைத் தாண்டும் அளவு. நிறம் வெள்ளை அல்லது சாம்பல் கலந்த வெள்ளை. விரலால் தடவினால் பூனைக்குட்டியின் காது போல மெல்லிய உரோமம் தட்டுப்படும். தண்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, ஒரு பக்கமாகக் கட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தனித்தனியாக அல்ல, அடுக்கடுக்காக வரிசை கட்டி நிற்கும்.

இப்போது ஒன்றைப் பிய்த்துத் திருப்புங்கள். ஒட்டியிருந்த இடத்திலிருந்து விளிம்பு வரை, விசிறி மடிப்பு போல இதழ்கள் ஓடும். நிறம் இளஞ்சாம்பல், சில சமயம் லேசான ரோஜா நிறம். தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கி உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு இதழும் நீளவாக்கில் நடுவே பிளந்து இரண்டாக நிற்கும். காய்ந்த காளானில் இந்தப் பிளவு இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் பிளந்த இரு பாதிகளும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுருண்டுகொள்ளும், விளிம்பும் உள்பக்கம் மடங்கும். வெயில் காலத்தில் விதைத்தூளை உண்டாக்கும் பகுதியை மூடிக் காப்பாற்ற இயற்கை செய்த ஏற்பாடு. சந்தேகம் இருந்தால் சுருண்ட காளானை ஒரு மங்குத் தண்ணீரில் போட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் சுருள் விரிந்து, விசிறி பழையபடி நிமிர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் பள்ளிப்பாடத்தைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

செத்த மரம், உரோமம், தண்டு இல்லாமை, பிளந்த இதழ் ஆகிய நான்கும் சேர்ந்து இருந்தால்தான் குக்கூர். மூன்று இருந்து ஒன்று குறைந்தால் கட்டையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மரத்தில் முளைப்பதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ரப்பர் மரத்தின் தூரில் ஆரஞ்சு நிறத்தில், தட்டுத் தட்டாக, ஓரத்தில் வெள்ளை விளிம்போடு வருகிறதே, அது வெள்ளை வேர் நோயின் காளான். அடியில் இதழ் இருக்காது, ஊசியால் குத்தியது போலத் துளைகள்தான் இருக்கும். அதைக் கண்டால் சட்டிக்குக் கொண்டுவராமல் மண்டோரிடம் சொல்லுங்கள். செம்பனை மரத்தடியில் வார்னிஷ் பூசியது போலப் பழுப்பாக வருவதும் கறிக்கு உதவாது. அது கனோடெர்மா என்னும் தண்டழுகல் நோய். சில சின்ன விசிறிக் காளான்கள் தூரத்திலிருந்து குக்கூர் போலவே தெரியும், ஆனால் இதழ் பிளந்திருக்காது. அதனால்தான் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன்.

மண்ணில் வரும் காளான்கள் வேறு கதை. நம் பாட்டிமார் புற்றுக்காளானை நன்றாக அறிவார்கள். கறையான் புற்றிலிருந்து கிளம்பும், பிடுங்கினால் வேர் போன்ற நீண்ட வால் மண்ணுக்குள் போகும். அது நல்ல காளான்தான். அதில் பொடி வகையும் உண்டு, புற்றைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக நூற்றுக்கணக்கில் பூக்கும். ஆனால் அதே அளவில், அதே வெள்ளையில், விஷக் காளான்களும் மண்ணில் முளைக்கின்றன. அவற்றுள் சில, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வியர்வையும் எச்சிலும் கண்ணீரும் தாரை தாரையாக வர வைக்கும். பக்கத்தில் நின்று காட்டித்தர அனுபவமுள்ளவர் இல்லாவிட்டால் வெள்ளைப் பொடிக்காளானைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்தக் குடும்பம் சாப்பிட்டது எது என்றால், புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடை. தொப்பி ஒரு சாண் வரைகூட விரியும், மேலே பழுப்புச் செதில் இருக்கும், தண்டில் மோதிரம் போட்டது போல ஒரு வளையம் இருக்கும். புற்றுக்காளான் என்று பலர் ஏமாறுவது இதில்தான். இளசாக இருக்கும்போது இதழ் வெள்ளை, முற்ற முற்றப் பச்சை கலக்கும். தொப்பியை வெள்ளைத்தாளில் கவிழ்த்து ஒரு இரவு மூடி வைத்தால், தாளில் பச்சையாகத் தூள் கொட்டியிருக்கும்.

வெள்ளிக்காசு, பூண்டு, ஒரு பிடி அரிசி, மஞ்சள் என்று சட்டியில் போட்டுப் பார்க்கிற எந்தப் பரீட்சையும் விஷத்தைக் காட்டாது. புழு தின்றிருந்தால் நல்லது என்பதும் பொய். புழுவின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. கொதிக்க வைத்தால் விஷம் முறிந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். ஆளைக் கொல்லும் காளான்களின் விஷம் எவ்வளவு வேக வைத்தாலும் போகாது.

இன்னொரு விஷம் காளானுடையது அல்ல, நாம் அடிக்கும் மருந்துடையது. முன்பெல்லாம் மறுநடவுக்கு முன் முதிய மரத்துக்கு நஞ்சு பூசிச் சாகடித்தார்கள், அதில் ஆர்சனிக் மருந்தும் இருந்தது. பாராகுவாட் மருந்து மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்றப் புல்மருந்துகள் இன்னும் தெளிக்கப்படுகின்றன. குக்கூர் என்று உறுதியாகத் தெரிந்தாலும், மருந்து அடித்த நிரையில், மருந்து கலக்கும் இடத்தில், அல்லூர் ஓரத்தில் கிடக்கும் கட்டையில் பறிக்க வேண்டாம். மருந்து அடித்த காட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி பலகை வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. வைக்காவிட்டால் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

சமையல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இளசை மட்டும் எடுங்கள், முற்றினது செருப்புத்தோல். மண்ணும் மரத்தூளும் போக நாலைந்து முறை அலசி, நன்றாக வேக வைக்க வேண்டும். மலாய்க்காரர்கள் மஞ்சள் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் சமைப்பார்கள், நம் கைக்கும் அது நன்றாகவே வரும். முதல் தடவை சாப்பிடுகிறவர் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளட்டும். நல்ல காளான்கூடச் சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஆஸ்துமா உள்ளவர்களும், நோயால் உடம்பு தளர்ந்தவர்களும் காய்ந்த குக்கூரைச் சுரண்டும் வேலைக்குப் போக வேண்டாம். இதன் விதைத்தூள் மிக அரிதாக நுரையீரலிலும் மூக்கின் உட்பகுதியிலும் தங்கி நோய் உண்டாக்கியிருக்கிறது.

எப்படியோ தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சீக்கிரம் வாந்தி வந்தால் ஆபத்து, தாமதமாக வந்தால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு ஈரலைத் தாக்கும் விஷமாக இருக்கலாம். ஒரு நாள் கழித்து நோயாளி தெளிந்தது போல எழுந்து உட்காருவார், "இப்ப பரவாயில்ல" என்பார், அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, உப்புக் கரைசலைக் குடிக்க வைத்துக் குமட்ட வைப்பது, புளித்தண்ணீர் கொடுப்பது எல்லாம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், வண்டி இல்லையென்றால் 999. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிகிறவருக்கு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

அதே சட்டியில் சாப்பிட்டவர் எல்லாரும் போக வேண்டும், ஒன்றும் செய்யவில்லை என்கிறவரும்தான். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, எங்கே பறித்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சமைக்காத காளான் மிச்சம் இருந்தால், அடித்தண்டோடு, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் அழுகிவிடும். டாக்டர்கள் விஷத்தைப் பற்றி ஆலோசனை கேட்கப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நஞ்சு மையம் இருக்கிறது, கையில் காளான் இருந்தால் அவர்கள் வேலை பாதி குறையும். சமைத்துத் தீர்ந்துவிட்டதா? பறித்த இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பி, அங்கே நிற்பதில் இரண்டைத் தோண்டி எடுத்து வரச் சொல்லுங்கள்.