முதல் மேட்டில் முந்த வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

குறுக்கோட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாயாம், மகிழ்ச்சி. கேமரன் மலையின் கோலா தெர்லாவில் ஓடுவதென்றால் தேயிலைச் சரிவுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் நடுவே ஏறி இறங்கி ஓட வேண்டும். விசில் ஊதியதும் எல்லாரும் தலைதெறிக்க ஓடுவார்கள். முதல் மேடு முடிவதற்குள் பலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அவர்களுக்குத் தெம்பில்லை என்று எண்ணிவிடாதே. இருக்கிற தெம்பைப் பங்கிட்டு ஓட யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

தொடக்கத்தில் உடம்பே நம்மை ஏமாற்றும். மூச்சும் இதயத் துடிப்பும் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசைகள் தம்மிடம் உள்ள சேமிப்பைச் செலவழிப்பதால், தாங்க முடியாத வேகமும் சுலபமாகத் தெரியும். 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைச் சுமார் நான்கு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. சிறியவர்கள் பாய்ந்து தொடங்கி வரவரத் தளர்ந்தார்கள். பெரிய பிள்ளைகள் நடுவில் வேகத்தை அடக்கி, கடைசியில் மீண்டும் கூட்டினார்கள். வேகத்தைப் பங்கிடுவது காலோடு சேர்ந்து அறிவும் செய்கிற வேலை. ஆகவே அது கற்றுக்கொள்ளக் கூடியது.

நம் மலேசிய ஓட்டக்காரர் எம். ராமச்சந்திரன் 1994-இல் 10,000 மீட்டரை 29 நிமிடம் 30 நொடியில் ஓடினார். திடலில் அது 25 சுற்று. சராசரியாகச் சுற்றுக்கு 71 நொடி. இடைநிலைப்பள்ளியில் நன்றாக ஓடும் அண்ணன் ஒருவர் ஒரே ஒரு சுற்றை அதைவிட வேகமாக முடித்துவிடுவார். 25 சுற்றுக்கும் அந்த வேகம் நிற்பதில்தான் பெருமை. மாரத்தானில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 2022-இல் உலக சாதனை படைத்தபோது முதல் பாதிக்கு 59 நிமிடம் 51 நொடி, மறுபாதிக்கு 61 நிமிடம் 18 நொடி எடுத்தார். அடுத்த ஆண்டு அவர் நாட்டவரான கிப்டம் முதல் பாதியை 60 நிமிடம் 48 நொடியில் ஓடி, மறுபாதியை 59 நிமிடம் 47 நொடியில் முடித்து அந்தச் சாதனையை முறியடித்தார். பாதித் தூரத்தில் கிப்சோகேவின் நேரத்துக்கு 57 நொடி பின்னால் இருந்தவர் அவர்! ஓடிய நகரங்கள் வேறுதான். ஆனாலும் பாதி வழியில் பின்தங்குவது தோல்வியல்ல என்பதற்கு இது போதும்.

ஒற்றையடிப் பாதையில் பின்னால் மாட்டிக்கொண்டால் எப்படி முந்துவது என்று கேட்பாய். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட இடத்தில் முதல் பத்து நொடி விரைந்து இடம் பிடித்துக்கொள், உடனே அடங்கிவிடு. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, மனம்போல் ஓடட்டுமே என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். விளையாட்டில் அப்படியே ஓடட்டும். ஆனால் போட்டியில் முதல் மேட்டிலேயே மூச்சிரைத்து நின்ற பிள்ளை, தனக்கு ஓட்டம் வராது என்று முடிவுகட்டி ஒதுங்கிவிடுகிறது. எனக்குப் பொறுக்காதது அதுதான்.

மேட்டில் கடிகாரத்தை நம்பாதே. சமதரையின் வேகம் அங்கே செல்லாது. அடியைச் சிறிதாக்கு. உன் பெயரையும் வகுப்பையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா பார். முடியாவிட்டால் வேகத்தைக் குறை. இறக்கத்தில் தாவாமல், முழங்காலைச் சற்று மடக்கி ஓடு. பள்ளித் திடலிலும் பழகலாம்: ஒரு சுற்று ஓடி முடித்ததும், எத்தனை நொடி ஆனது என்று நீயே முதலில் சொல், பிறகு ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். முதலில் வெகுவாகத் தவறும். உன் கணிப்பும் கடிகாரமும் நெருங்கி வரும்வரை ஓடிப் பழகு. அதுவரை யாரையும் முந்தப் பார்க்காதே.

அன்புடன்,
அக்கா