கார்த்திகைக் கிழங்கும் ஆய்வுகூடப் பரிசோதனையும்

நீர்வேலிக் கமக்காரர் நன்கறிந்த கொடி கார்த்திகைப்பூ. மாரி மழையுடன் வேலியோரங்களிலும் பற்றைகளிலும் தழைப்பது. கலப்பை வடிவான இதன் கிழங்கு, சித்த மருத்துவத்தில் சுத்தி செய்தே கையாளப்படும்.

இதிலுள்ள வீரியமான பொருள் கொல்சிசின். மூட்டுவாத வகையொன்றிற்கு வைத்தியர் கொடுக்கும் மாத்திரையில் இது பொதுவாக அரை மில்லிகிராம் அளவே உண்டு. கிழங்கிலோ வயதுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அளவு மாறும். அதனைக் கண்ணாலும் நாவாலும் அறிதல் இயலாது. ஆய்வுகூடத்திலே சாற்றின் கூறுகளைப் பிரித்து, தூய கொல்சிசினுடன் ஒப்பிட்டே அளவைக் கூறலாம். ஆகவே, பரிசோதிக்கப்படாத கிழங்குத் தூளை மருந்தென்று உண்ணல் ஆகாது.

அவித்தாலும் இந்நஞ்சு நீங்காது. கொடி காய்ந்தபின் கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்குதல் கூடும். எனவே பசுமையாயிருக்கும்போதே அடையாளமிடுக: இதன் இலைநுனி நீண்டு சுருண்டு பிற செடிகளைப் பற்றும், வள்ளியிலை அவ்வாறு சுருளாது.

தவறி உண்டவர்க்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தோன்றும். அதுவரை காத்திராது, மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆசுபத்திரிக்கு விரைக.